துப்பத் தெரிந்தவர்கள்

எங்க பொன்னேரிப் பக்கம் 'குடி' என்றால் ஒரே மடக்கு, ஒரு முகச்சுளிப்பு, கொஞ்சம் ஊறுகாய். நாசிக்கில் வேலை பார்க்கும் மச்சான் என்னை சுலா ஒயினரிக்கு இழுத்துப் போனார். 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்கு விட்ட இடம்.

கறுப்புத் திராட்சையின் சாறும் பெரும்பாலும் வெளுப்புதானாம். தோலோடு ஊறினால்தான் சிவப்பு ஒயின்! ஐந்தாறு கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரே வாய். சாய்த்து நிறம் பார்க்கணும், சுழற்றி மோந்து பார்க்கணும், வாயில் உருட்டணும். விழுங்கப் பிடிக்கலையா? பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிடலாம்.

"என்ன மாமா, காசு கொடுத்துத் துப்பறதா?" மச்சானுக்கு மனசே ஆறவில்லை.

நான் சந்தோஷமாகத் துப்பினேன். சாராயத்துக்கு அப்பாவைப் பறிகொடுத்தவன் நான். வாயில் வைத்த பிறகும் துப்பலாம் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருந்திருப்பாரே!