பால்மரம் வைத்த நேரம்

எங்கள் சாஆ வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடிவதற்கு முன்பே பெரட்டு கூடிவிடும். உச்சிவெயிலுக்கு முன்பு வெட்டு முடிந்து பாலும் எடுத்தாகிவிடும். இதை நிர்வாகத்தின் கருணை என்று எண்ணிவிடாதீர்கள்! குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். மரத்துக்காக வைத்த நேரம் நம் உடம்பையும் சேர்த்துக் காத்தது.

செம்பனைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. நண்பகலிலும் குலை அறுக்கலாம். மறுநடவுக் காட்டிலோ ஒதுங்க நிழலே கிடையாது. ஆகவே, விடியலில் தொடங்கி உச்சிப்பொழுதில் ஓய்வு என்பதை இன்று நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

"வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்புதானே?" என்பார்கள் சிலர். 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. நம்மூரில் அவ்வளவு ஏற வேண்டியதேயில்லை. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வானிலை இலாகாவும் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே முதற்கட்ட எச்சரிக்கை விடுகிறது.

ஒருமுறை, மட்டை அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி, மண்டோரிடம் சம்பந்தமில்லாமல் உளறினார். "காலையிலேயே ஊற்றிக்கொண்டானா?" என்று சிரித்தார்கள். என் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "நிழலுக்குத் தூக்குங்க, சட்டையைக் கழற்றுங்க!" என்று சத்தம் போட்டார். இருந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, தொப்பியால் விசிறிக்கொண்டே வண்டியேற்றினார்கள். ஆள் பிழைத்தார். வெப்பத் தாக்கின் பெரிய அடையாளமே இந்தத் தடுமாற்றம்தான். அப்போதும் வேர்வை ஓடிக்கொண்டிருக்கலாம். உடனே 999-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தாகத்துக்குக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். உப்புப் போட்ட நீராகாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போன நம் பாட்டிமார் கெட்டிக்காரிகள்! பீர் தண்ணீர்க் கணக்கில் சேராது. வேலைக்குப் புதியவரும், நீண்ட விடுப்பு முடிந்து வருபவரும் முதல் வாரம் குறைவாகவே வேலை செய்யட்டும். உடம்பு சூட்டுக்குப் பழக அத்தனை நாளாகும்.

வீட்டிலிருப்பவர்களையும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர்மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள். தகரக்கூரை கொதிக்கும் பிற்பகலில் அவர்களை வாசல் நிழலில் உட்காரவைத்து, ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்து, விசிறியைத் தட்டிவிடுங்கள்.