தாய்வீடு தொலைவில் இருக்கையில்

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது நம்மவர் வழக்கு. ஏழாம் மாதம் வளைகாப்பிட்டு அழைத்துச் செல்வர். பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் கொண்டுவந்து விடுவர். மும்பையில் குடியேறிய நாங்களும் இவ்வழக்கைக் கைவிடவில்லை. ஆனால் நாம் பார்த்துவைத்த நாளுக்குக் குழந்தை காத்திருப்பதில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு, ஊர் செல்ல ரயில் டிக்கெட் எடுத்துவைத்திருந்த வேளையில், 31 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,300 கிராம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தனர். பெற்றோரன்றிப் பிறருக்கு அங்கே அனுமதியில்லை.

வாசலில் நிற்பவர்களால் என்ன இயலும் என்று திகைத்தோம். இரண்டொரு நாளில் விளங்கியது. 34 வாரம் வரை பெரும்பாலான குழந்தைகளுக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேர வருவதில்லை. தாய் பீய்ச்சித் தரும் பாலைக் குழாய் வழியே புகட்டுகின்றனர். இரண்டு மூன்று மணிக்கொரு முறை, நள்ளிரவிலும், அவள் பால் எடுத்தாக வேண்டும். அதற்கு முதலில் அவள் உண்ண வேண்டுமே! பூண்டுக் குழம்பும் கீரையும் வேளை தவறாமல் கொண்டுசென்றோம். பத்தியம் என்று சொல்லி அரைவயிற்றுக்குப் படைக்கும் மூத்தோர் சிலர் எங்களிடையேயும் உண்டு. அவர்களைச் சமையற்கட்டுப் பக்கம் விடவில்லை.

மொழி மற்றொரு சுவர். செவிலியர் பேசும் மராத்தி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த எங்களுக்கோ உள்ளே வழியில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: 'வஜன்' என்றால் எடை, 'தூத்' என்றால் பால், 'தாப்' என்றால் காய்ச்சல். அன்றன்றைய எடையைத் தானே கேட்டு அத்தாளில் குறிக்கத் தொடங்கியபின் அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

நம்மவர் நெருங்கி வாழும் தாராவிக்கு அருகே, சயான் மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தாய்ப்பால் வங்கியொன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அது முதலாவது. ஒருத்தியின் மிகுபால் முன்பின் அறியாத மற்றொருத்தியின் குழந்தைக்குச் செல்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் தோன்றிய கங்காரு முறையும் இன்று பரவியிருக்கிறது. குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பதே அம்முறை; தந்தையும் செய்யலாம். இக்குழந்தையின் தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. உடன் பணிபுரிவோர் அவருடைய பகல்முறையைத் தாம் ஏற்றுக்கொண்டனர். முதல் நாள் சட்டையைக் கழற்றவே நாணியவர், பின்னர் மணிக்கணக்கில் அசையாது அமர்ந்திருந்தாராம். 43-ஆம் நாள், 1,850 கிராம் எடையோடு குழந்தை வீடு வந்தது.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய பிறப்பில் எவரும் இனிப்பு வழங்குவதில்லை, பெயர் கேட்பதில்லை. பிழைக்குமா என்ற அச்சம் எல்லார் வாயையும் கட்டிவிடுகிறது. பெற்றவளுக்கோ தான் பெற்றோமா என்பதே ஐயமாகிவிடுகிறது. பதினோராம் நாள், எங்களில் மூத்தவரான ஆச்சி கற்கண்டுப் பொட்டலத்துடன் மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வந்தார். "பொண்ணு பொறந்திருக்கா, வாயைத் திற. பேரு என்ன வச்சிருக்கே, கண்ணு?" என்றார். அதுவரை அழாதிருந்தவள் அழுதாள். பிறகு பெயரைச் சொன்னாள். அன்று மாலை, எடை குறிக்கும் தாளின் தலைப்பில் அப்பெயரை எழுதி வைத்தாள்.