மறைந்து நின்ற பழுது



இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில், குருமனை முற்றத்து வேப்பமரத்தடியில் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக் கையெல்லாம் கரியோடு நான் நின்றதை உங்களில் சிலர் பார்த்தீர்கள். பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய நாளில் ஆயருக்கு இது என்ன வேலை என்று நினைத்திருப்பீர்கள். இந்த வாரச் சிந்தனை அந்த மரத்தடியில்தான் எனக்குக் கிடைத்தது. நான் செய்திருந்த ஒரு தவறும் அங்கேதான் எனக்கு உணர்த்தப்பட்டது.

அந்தக் கார் என் மைத்துனர் சென்னையில் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு எங்களுக்குக் கொடுத்தது. பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் வகை. மின்கலம் என்பது காரைக்குடிக்காரர்களான நமக்குப் புதிய செய்தியன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ஆம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. ‘சிக்ரி’ என்று நாம் அழைக்கும் அந்த நிலையத்தில் மின்கல ஆராய்ச்சி இன்றும் நடந்துவருகிறது. ஆனால் மின்கலத்தின் வலிமையே ஒரு பழுதை மறைத்துவிடக்கூடும் என்பதை நான் இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

சில மாதங்களாகவே என் மனைவி, “ஏங்க, வண்டி ஒரு மாதிரி நடுங்குதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி மோட்டாரிலேயே ஓடிவிடும். சிக்னலில் நின்றால் என்ஜின் தானாகவே அணைந்துவிடும். “உனக்கு அப்படித் தோன்றுகிறது” என்று சொல்லிவிட்டேன். மதுரைக்குப் போகும் வழியில் ஒரு பேருந்தை முந்த முயன்றபோதுதான் வண்டி உதறியது. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

நம் சபையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் வாகனப் பணிமனையில் வேலை செய்கிறார். பாடகர் குழுவில் பாடுகிறவரும் அவரே. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “மூணாவது சிலிண்டர் சரியா எரியலைங்க ஐயா. சாதாரண வண்டியா இருந்தா அன்னைக்கே குதிச்சிருக்கும். இதுல மோட்டார் பாரத்தைத் தூக்கிக்கிடுது. அதனால வெளியே தெரியலை” என்றார். திரையில் பி 0303 என்ற குறியீடு நின்றது. கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் காட்டுகிறது.

நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை நெருப்புப் பொறி விழவேண்டும். அந்தப் பொறியைத் தருவது இக்னிஷன் காயில். ஒரே இரும்புக் கருவின்மேல் சில நூறு சுற்று தடித்த கம்பியும் பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பியும் இருக்கும். தடித்த கம்பியில் ஓடும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சட்டென நிறுத்தினால், மெல்லிய கம்பியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக எழும்பும். மின்தூண்டலை 1831-இல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, லண்டனில் ஒரு சிறிய கிறிஸ்தவச் சபையின் மூப்பராகவும் ஊழியம் செய்தவர். அதைக்கொண்டு 1836-இல் தூண்டுசுருளை உருவாக்கியவர் அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் கற்பித்த நிக்கோலஸ் காலன் என்ற குருவானவர். நம் கார்களிலுள்ள காயில் அந்தச் சுருளின் வழிவந்ததுதான்.

பொறி விழாத சிலிண்டருக்குள்ளும் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, அங்கேயுள்ள விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். விளக்கு மின்னுவது அதற்கான எச்சரிப்பு. வண்டி ஓடுகிறது என்பதால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடக்கூடாது.

மதுரையிலிருந்து புதிய காயில் வந்ததும் அந்தத் தம்பியே வீட்டுக்கு வந்தார். முதலில் எனக்குப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்தார். ஹைபிரிட் வண்டி சத்தமில்லாமல் நின்றாலும் உயிரோடு இருக்கலாம். என்ஜின் திடீரெனத் தானே ஓடத்தொடங்கும். ஆகவே வண்டியை முழுவதும் அணைத்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்தோம். 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் ஆளைக் கொல்லக்கூடிய உயர் மின்னழுத்தம் உண்டு. அவற்றின்மேல் கை வைக்கவே இல்லை. பழகியவர் துணையில்லாமல் நீங்கள் யாரும் இதில் இறங்கவேண்டாம்.

என்ஜின் ஆறியபின், தூசியை ஊதி அகற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம். நான் உடனே புதிய காயிலை எடுத்தேன். அவர் தடுத்தார். “பொறுங்க ஐயா. காயில்தான் கெட்டுச்சான்னு இன்னும் தெரியாது. பிளக்கா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம். முதல்ல இடத்தை மாத்திப் பாப்போம்.”

மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் முதல் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றினோம். ஒவ்வொன்றையும் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட். பழைய பிளாஸ்டிக் கொக்கி உடைந்துவிடாதபடி மெதுவாக அழுத்தி, சற்றே திருப்பி, நேராக மேலே இழுக்கவேண்டும். பேட்டரியை மறுபடி இணைத்து, பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். இந்த முறை பி 0301 என்று வந்தது. பழுது காயிலோடு சேர்ந்தே முதல் சிலிண்டருக்குப் போயிருந்தது. “இப்பச் சொல்லலாம், காயில்தான்” என்றார். முன்போலவே எல்லாவற்றையும் அணைத்துப் புதியதை மாட்டினோம். நடுக்கம் நின்றது.

முன்மூடியைச் சாத்தும்போது அவர் சிரித்துக்கொண்டே, “நம்ம பாடகர் குழு மாதிரித்தான் ஐயா. ஒருத்தர் பாடாட்டியும் மத்தவங்க இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கோ அது குத்தியது. நம் குழுவில் கனத்த குரலில் பாடிவந்த ஒரு சகோதரர் பல மாதங்களாகப் பயிற்சிக்கு வரவில்லை. பாட்டின் சத்தம் குறையாததால் நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பின்பு அவர் ஆராதனை முடியுமுன்னே எழுந்துபோகத் தொடங்கினார். அப்போது எண்ணினேன், ஆனால் விசாரிக்கவில்லை. ஆசீர்வாதம் கூறுமுன் வெளியேறுகிறவர்களைப் பற்றிப் பிரசங்க மேடையிலிருந்து கடிந்து பேசினேன். பெயர் சொல்லவில்லை. யாரை நினைத்துப் பேசினேன் என்பதை நான் அறிவேன், அவரும் அறிந்திருந்தார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்தார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில். படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க அவர் ஒருவரே இருந்தார். ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வார்களாம். அந்த ஒரு மணி நேரத்தையே அவர் ஆண்டவருக்குக் கொண்டுவந்திருக்கிறார். நானோ அது குறைவுள்ளது என்று கடிந்துகொண்டேன். “ஏன் ஐயா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஐயா” என்றார். அதற்குமேல் என்னிடம் வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தக் கட்டிலருகே ஜெபித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் என் மனைவி ஆராதனைக்கு வரவில்லை. அந்தக் கட்டிலருகே இருந்தார். சகோதரர் ஆலயத்துக்கு வந்து ஆசீர்வாதம் வரைக்கும் இருந்தார். பின்வரிசையிலிருந்து அவர் குரல் எழும்பியதை நீங்களும் கேட்டீர்கள். இடத்தை மாற்றிப் பார்த்தபோது, பழுது அந்த மனிதரிடத்தில் இல்லை என்பது விளங்கிற்று. ஒருவரே சுமந்த பாரம்தான் பழுதாகத் தெரிந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, லூக்கா 15-ஆம் அதிகாரத்து மேய்ப்பனை நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகள் நிற்கும் மந்தை பார்வைக்கு முழு மந்தையாகவே தோன்றும். எண்ணிப் பார்க்கிறவனுக்கே ஒன்று குறைவது தெரியும். சபை பலமாக இருப்பது கர்த்தரின் கிருபை. ஆனால் அந்தப் பலத்தின் நிழலில் ஒரு பலவீனர் மறைந்துபோகலாம். காணிக்கை குறையாது, பாட்டு குறையாது, இருக்கைகளும் நிறைந்திருக்கும். எரியாமல் உள்ளே தேங்கும் துயரமோ ஒரு குடும்பத்தை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். என் காரில் குற்றம் காயிலிடத்திலேயே இருந்தது, கழற்றி எறிந்துவிட்டேன். சபையில் அப்படிக் கழற்றி எறிய ஒருவரும் இல்லை. 1 கொரிந்தியர் 12-இல் பவுல் சபையைச் சரீரமாகவே காண்கிறார். ஓர் அவயவத்தின் வேதனை எல்லா அவயவங்களுக்கும் உரியது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஆலயத்தில் உங்கள் அருகே வழக்கமாக அமர்கிறவர்களை ஒவ்வொருவராக மனதில் எண்ணிப் பாருங்கள். யாருடைய குரல் நின்றிருக்கிறது? தீர்ப்புச் சொல்லுமுன் அவர் வீட்டுப் படியேறி விசாரியுங்கள். கூடுமானால், ஒரு மணி நேரம் அவர் இடத்தில் நீங்கள் இருங்கள்.

ஜெபம்: எங்களைப் பேர்பேராய் அறிந்திருக்கிற ஆண்டவரே, விசாரிக்காமல் தீர்ப்பளித்த எங்கள் பாவத்தை மன்னியும். மறைந்து வாடுகிறவர்களைக் காணும் கண்களையும், அவர்கள் பாரத்தின் கீழே தோள்கொடுக்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.