உமி நீங்காக் கோதுமை

பிறந்த மண்ணை விட்டு வந்து பிறிதொரு மாநிலத்தில் குடியமர்ந்தோர்க்கு, அங்காடிப் பொருள்களின் பெயர்களைக் கற்பதே முதற்பாடம். புனே நகரில் மளிகைக் கடைக்காரர் 'கப்லி' என்று அளந்து தந்த செந்நிற நீள்மணிக் கோதுமை, நம் ஊரில் சம்பா கோதுமை எனப்படுவதே என்று தெரிந்தபோது, பழைய உறவினரைக் கண்டாற்போல் நாங்கள் மகிழ்ந்தோம்.

தாவர நூலார் இதனை எம்மர் என்பர். ஐரோப்பியர் ரொட்டிக்கு விரும்பும் ஸ்பெல்ட் கோதுமை இதற்கு உறவே தவிர, இதுவே அன்று. சாதாரணக் கோதுமையைப் போல் ஸ்பெல்ட்டுக்குக் குரோமோசோம்கள் 42, எம்மருக்கோ 28. ஆயினும் இவ்விரண்டிற்கும் பொது இயல்பு ஒன்றுண்டு. கதிரடித்தால் மணி எளிதில் உதிராது. உமியோடு ஒட்டி நிற்கும். தனியே குத்தித்தான் நீக்க வேண்டும். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்து, விளைச்சல் பெருகிய பின்னர், பழைய இனங்கள் பல ஒதுங்கின. வட கர்நாடகம், மகாராட்டிரம், நீலகிரி ஆகிய இடங்களில் உழவர் விடாது பயிரிட்டமையால் கப்லி பிழைத்தது.

இம்மாவில் ரொட்டி சுடுவதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் நெடுநேரம் அழுத்திப் பிசைதல் கூடாது. மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்னும் புரதம் இதில் வலுக்குறைந்தது. நாங்கள் 400 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 260 மில்லி வெதுவெதுப்பான நீரும், ஒவ்வொரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்து, ஒன்றுகூடும் அளவே பிசைவோம். மாவு தளர்ந்து பரவுமாதலால், எண்ணெய் தடவிய தகரப் பாத்திரத்தில் இட்டே மின்னடுப்பில் சுடுவோம். கடை ரொட்டிபோல் உயர்ந்து எழாது. ஆனால் வாய்க்கு இனிய முறுகல் மணம் உண்டு.

வலுக்குறைவு என்பது இன்மை ஆகாது. எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமிக்குச் சீலியாக் நோய் என்று கண்ட மருத்துவர், கோதுமையை அறவே விலக்கியிருந்தார். "பழைய இனமாயிற்றே, அக்கா! இதில் குளூட்டன் இல்லை என்று கடையில் சொன்னார்களே. ஒரு துண்டு கொடுக்கட்டுமா?" என்று அவள் தாய் கேட்டார். ரொட்டியின் மணத்துக்கு வாயிலில் வந்து நின்ற குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுப்பது எளிதாக இல்லை. எனினும் மறுத்தோம். கப்லியாயினும் ஸ்பெல்ட்டாயினும் கோதுமையே. அந்நோயுடையார் குடலை அது புண்படுத்தும். அரிசி, சோளம், கம்பு ஆகியவற்றில் அப்புரதம் இல்லை. ஆயினும் கோதுமை அரைத்த மாவு மில்லிலேயே அவற்றையும் அரைத்தால், ஒட்டியிருக்கும் மாவு கலந்துவிடும்.

ஆகவே, அவளுக்கெனச் சோளத்தை வாங்கிப் புடைத்துக் கழுவி உலர்த்தி, கோதுமை படாத மிக்ஸியில் வீட்டிலேயே அரைத்து வைத்துள்ளோம். நாங்கள் ரொட்டி சுடும் நாள்களில் அவளுக்குப் புதிய கல்லில் சோள அடை வார்க்கிறோம். வெல்லத்தோடு அவள் அதை உண்கிறாள்.