ஆமா போடுகிறவர்

வில்லுப்பாட்டுக் கேட்கப் போனால் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவரை விட, பக்கத்தில் ‘ஆமா’ போடுகிறவர் மேல்தான் எனக்குக் கண். ஒரு ஆமா ஒப்புதல். அடுத்தது கிண்டல். மூன்றாவது, ‘கதைக்கு வாரும் அண்ணாச்சி’ என்ற அவசரம். புலவர் பேச்சிலிருந்து எந்தச் சொல்லில் பாட்டுக்குத் தாவினார் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் மறுபடி பேச்சுக்கு வந்திருப்பார்.

அமெரிக்கக் கன்ட்ரி பாட்டிலும் எனக்குப் பைத்தியம் உண்டு. 1927இல் பிரிஸ்டல் என்ற சின்ன ஊருக்கு ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் வந்து சுற்றுவட்டாரத்து ஜனங்களைப் பாடவைத்தார்கள். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளியே தெரிந்தது அப்படித்தான். கன்ட்ரியில் சிலர் பாதி பேசி, பாதி பாடி, ஒரு சாவையோ துரோகத்தையோ சொல்லி முடிப்பார்கள். மந்தைவெளி வீட்டில் அதைப் போட்டால், ‘இவனும் கோயில் கொடையில்தான் பாடுறானா?’ என்று வீட்டில் கேலி நடக்கும். கேலியில் விஷயம் இருக்கிறது. எங்கள் நெல்லைப் பக்கத்து முத்துப்பட்டன் கதையை அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் தங்கள் கதை என்றே நினைப்பார்கள்.

முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டு அக்கா தங்கை மேல் ஆசை. அவர்களைக் கட்டுவதற்காகப் பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாட்டுக்குக் காவல் இருக்கிறான். மாடு கவர வந்தவர்களை வெட்டிச் சாய்த்தவனை ஒளிந்திருந்த ஒருவன் குத்திக் கொல்கிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் இன்று பட்டவராயன். நேர்த்திக்கடனாக அவனுக்குச் செருப்புதான் வைக்கிறார்கள். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கொடையில் பாடினால் இரவு போதாது.

கருவிகள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மணி கட்டிய நீண்ட வில், நாணில் அடிக்க இரண்டு வீசுகோல், குடம், அதன் வாயில் தட்டப் பாளையில் செய்த பத்தி, உடுக்கை, ஜால்ரா, கட்டை. அண்ணாவி என்கிற புலவர் நடுவில் இருப்பார், இருபுறமும் வலம் பாட, இடம் பாட ஆட்கள். வேகம் கூடி, சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டு வந்துவிட்டால் சாமியாடிக்கு அருள் வரும். சபாவில் யாருக்கும் அருள் வருவதில்லை. வந்தால் செயலாளர் பதறிப்போவார்.

இந்த வில்லைச் சென்னைக்குத் தூக்கி வந்ததில் பெரும்பங்கு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், சின்ன வயதிலேயே வில்லோடு பழக்கம். 1948இல் சத்திரம் புதுக்குளத்து இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்தார். சுடலைமாடன் கதை இருந்த இடத்தில் காந்தி கதை வந்தது. கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகவே எழுதினார். தி.நகர் ஜி.என். செட்டி சாலையில், 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்த கலைவாணர் சிலையைப் பார்க்கும்போதெல்லாம், அவரைச் சினிமாச் சிரிப்போடு நிறுத்திவிட்டோமே என்று இருக்கும்.

பட்டணத்துக்கு வந்து வில்லு கெட்டது என்பார்கள் ஊரில். ஆர்மோனியமும் தபலாவும் சேர்ந்ததைச் சொல்கிறார்கள். நாஷ்வில்லில் வயலினும் கோரஸும் சேர்த்து கன்ட்ரியை வழவழப்பாக்கியபோது அங்கேயும் இதே புகார்தான். அந்த வழவழப்பில் வந்த ஜிம் ரீவ்ஸைச் சென்னையிலும் கொழும்பிலும் எத்தனை வீடுகள் கொண்டாடின! ஆர்மோனியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் குறை வேறு. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று வில்லைப் பிரச்சாரத்துக்குக் கூப்பிட்டபோது கதை போய்விட்டது. அங்கே ஆமா போடுகிறவர் கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

சுப்பு ஆறுமுகம் பாடும்போது அப்படி ஆகவில்லை. புராணமோ காந்தியோ, நடுவில் நெல்லைக் குசும்பு ஒன்று தலைநீட்டும்; ஆமா போடுகிறவருக்கு அப்போது வேலை இருக்கும். 2021இல் பத்மஸ்ரீ, மறு வருடம் அக்டோபரில் 94 வயதில் மறைவு. மகள் பாரதி திருமகன் வில்லைத் தொடர்கிறார். பெண் நடுவில் உட்கார்ந்து பாடுவது தெற்கே புதிதில்லை. 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் குமரி மாவட்டக் கொடைகளில் வீசுகோல் வீசியவர்தான்.

பாரதி அவர்கள் முத்துப்பட்டனை எடுத்து ஒரு ராத்திரி முழுக்கப் பாடுவதானால், வாணி மகாலில் முதல் வரிசை டிக்கெட் ஒன்று எனக்கு வேண்டும். கேன்டீனை விடியும்வரை மூடக் கூடாது.