மஞ்சள் பெட்டி

நம் மூத்த பெண்ணுக்கு 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது. அவளை உட்காரவைத்து, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது உசிதம் என்று வகுப்பு நடத்துவதுபோல் ஒரு மணி நேரம் பேசினோம். வாத்தியார்த் தொழிலின் தோஷம். அவள் பொறுமையாய்க் கேட்டாள், பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் நம் கொள்ளுப்பாட்டியை ஞாபகப்படுத்தியது.

கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவில் சிறு மிராசுதார். 1920-ல் சென்னை ராஜதானியில் இரட்டையாட்சி முறைப்படி முதல் தேர்தல் நடந்தபோது, கிராமத்தில் வருஷம் 10 ரூபாயாவது நிலவரி செலுத்தியவருக்கே ஓட்டு. ராஜதானி முழுவதும் ஓட்டர்கள் சுமார் 12 லட்சம் பேர்தான். காங்கிரஸ் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஜஸ்டிஸ் கட்சி 98 ஸ்தானங்களில் 63-ஐப் பிடித்தது. உத்தியோகங்களில் பிராமணரல்லாதாருக்கும் உரிய பங்கு வேண்டும் என்ற அக்கட்சியின் கோரிக்கை நியாயமானது. கொள்ளுத்தாத்தா அதில் உறுதியாய் இருந்தார். தேர்தல் வந்தால் கட்சிப் பிரமுகர்கள் அவருடைய திண்ணையில் அமர்ந்து, வெற்றிலை போட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். ஊரில் அப்படி நாலு திண்ணை ஏறி இறங்கினால் வேலை முடிந்தது.

1935-ஆம் வருஷச் சட்டம் இந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது. சிறு பட்டாதாரர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கணவனின் சொத்துத் தகுதியைக் கொண்டு மனைவிமார் என்று பட்டியல் நீண்டு, 1937 தேர்தலில் ஓட்டர்கள் 60 லட்சத்துக்கு மேலாயினர். ஸ்திரீகளுக்கு ஓட்டுரிமை இல்லை என்ற தடையை 1921-லேயே நீக்கிய சட்டசபை, ஜஸ்டிஸ் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டசபைதான். கதவைத் திறந்தவர்கள், உள்ளே வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை.

அதற்குள் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து, நெல் விலை சரிந்திருந்தது. கிஸ்தி மட்டும் குறையவில்லை. ஒரு வருஷம் கிஸ்தி கட்டுவதற்காகக் கொள்ளுப்பாட்டியின் அட்டிகை அடகுக்குப் போயிற்று. திரும்பி வரவே இல்லை. மந்திரிகள் மாதம் நாலாயிரத்துக்கு மேல் சம்பளம் வாங்கிய காலம் அது. நிலவரி இலாகா மந்திரிகளின் வசத்தில் இல்லை, கவர்னரின் நிர்வாக சபையிடம் இருந்தது என்பது வாஸ்தவம். அட்டிகையை இழந்தவளுக்கு அந்த நுட்பத்தை யார் போய் விளக்கினார்கள்? அவளுக்கும் ஓட்டு வந்த பிறகுகூடக் கட்சிப் பிரமுகர்கள் திண்ணையைத் தாண்டவில்லை. கொல்லைப்புறமாய் வந்து அவளோடு பேசியவர்கள் காங்கிரஸ் தொண்டர் வீட்டுப் பெண்கள்.

அத்தேர்தலில் வர்ணப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். காங்கிரஸின் பெட்டி மஞ்சள். எழுத்தறியாதவரும் பிறர் தயவின்றி ஓட்டுப் போடலாம். கொள்ளுத்தாத்தா வண்டி கட்டி மனைவியை அழைத்துப்போனார். எந்த வர்ணம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம். அவள் தலையசைத்தாள். மறைவுக்குள் போய் மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

காங்கிரஸுக்கு 215 ஸ்தானங்களில் 159 கிடைத்தன. பிரதம மந்திரியாயிருந்த பொப்பிலி ராஜாவே பொப்பிலியில் வி. வி. கிரியிடம் தோற்றார். புது ஓட்டர்கள்தான் கட்சியைக் கவிழ்த்தார்கள் என்று கொள்ளுத்தாத்தா கடைசிவரை சொல்லி வந்தார். நமக்கு அது பாதி உண்மையாகவே தோன்றுகிறது. 1926-லும் அக்கட்சி தோற்றிருந்தது. அப்போது புதுச் சட்டம் ஏது? 1934-ல் மத்திய சட்டசபைத் தேர்தலிலும், பழைய குறுகிய பட்டியலை வைத்துக்கொண்டே, இந்த ராஜதானியில் காங்கிரஸ் ஜெயித்தது. திண்ணைக்காரர்களே நழுவத் தொடங்கியாயிற்று. பட்டியல் நீண்டபோது அது வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

கொள்ளுப்பாட்டி தன் ரகசியத்தை அவர் காலமான பிறகே நம் பாட்டியிடம் சொன்னாள். "முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்கக்கூடாதா, அம்மா?" என்று பாட்டி கேட்டதற்கு, "அவர் என்னைக் கேட்கவில்லையே" என்றாளாம்.

நேற்று இரவு நம் பெண்ணின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'உனக்கு என்ன வேண்டியிருக்கிறது, அம்மா?' என்று கேட்கலாமென்று வாசற்படிவரை போனோம். என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் சற்று நேரம் அங்கேயே நின்றோம். பிறகு கதவைத் தட்டினோம்.