இரு நாட்டு மகளுக்கு ஒரு பெயர்

ஒரே நாட்டில், ஒரே மொழியில் வளர்ந்த இருவர் தம் மகளுக்குப் பெயர் தேடும்போது எழும் கருத்து வேறுபாடு, பெரும்பாலும் முன்னோர் பெயர் பற்றியதாகவோ சோதிடம் பற்றியதாகவோ அமைந்து, வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்ந்துவிடுகிறது. தாய் ஒரு நாட்டின் குடியுரிமையும் தந்தை வேறொரு நாட்டின் குடியுரிமையும் உடைய வீட்டிலோ, அதே தேடலில் இரண்டு அரசுகளின் சட்டமும், இரண்டு எழுத்து முறைகளும், இரண்டு பாட்டிமாரின் உச்சரிப்பும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. ஐரோப்பாவில் குடியேறிய தமிழரிடையே இத்தகைய குடும்பங்கள் இன்று அரியவை அல்ல. அவர்கள் மகளுக்கு வைக்கும் பெயர், அவள் எந்த இரு குடும்பங்களின் பிள்ளை என்பதை அவளை அறியாதவர்க்கும் சொல்ல வேண்டியிருப்பதால், அதன் ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து வருகிறது என்பது நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிறது.

மேற்கு ஐரோப்பிய வழக்கில் முழுப்பெயர் இரண்டு உறுப்புகளால் ஆனது. பிறந்த குழந்தைக்கென்றே தெரிவு செய்யப்படும் முதற்பெயர் ஒன்று. தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கிவரும் குடும்பப் பெயர் மற்றொன்று. தமிழரிடையே பெருவழக்காக உள்ள முறையில் இந்த இரண்டாவது உறுப்பு இல்லை. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ மகளின் பெயருக்கு முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது உதிர்ந்து வேறோர் எழுத்து வரும். இந்த முறை கடவுச்சீட்டின் கட்டங்களுக்குள் நுழையும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மதுரைக் கந்தசாமியின் மகன் சிவகுமார் ஜெர்மனியில் குடியேறினார் என்று கொண்டால், அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் கந்தசாமி என்றே இருக்கும், ஊரில் 'சி. நிலா' என்று அறியப்பட்டிருக்க வேண்டிய அவர் மகள் அங்கே 'நிலா கந்தசாமி' ஆகிறாள், அதாவது தந்தையின் பெயரை விட்டுத் தாத்தாவின் பெயரைச் சுமக்கிறாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் தொல்லை தீர்வதில்லை. ஒற்றைப் பெயர் உள்ளவரின் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து அதன் பக்கத்தில் அச்சாகிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

தந்தை பெயர் குடும்பப் பெயராக இறுகுவது புதிதன்று. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத் பீபிக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். குமாரசுவாமி என்பது அவருடைய பாட்டனாரின் சொந்தப் பெயர். தாயின் ஊர்ப்பகுதியான கென்ட்டை நினைவுறுத்தும் 'கென்டிஷ்' என்ற சொல்லை மகனின் நடுப்பெயராக வைத்து, தாய்வழிக்கும் பெயருக்குள் ஓர் இடம் தந்தார்கள் என்பது அந்த வீட்டாரின் பண்பைக் காட்டுகிறது. பின்னாளில் ஆனந்தருக்கும், ரத்தன் தேவி என்ற பெயரில் இந்திய இசை பாடிய ஆங்கிலேயரான ஆலிஸ் ரிச்சர்ட்சனுக்கும் பிறந்த மகளுக்கு ரோகிணி என்று பெயர் வாய்த்தது. தாய் மனமுவந்து ஏற்ற பெயராகவே அது இருந்திருக்கலாம். ஆயினும் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டும் தந்தைவழி மரபிலிருந்தே வந்துவிட்டதால், அந்தப் பெண்ணின் தாய் இங்கிலாந்துக்காரர் என்பதற்கு அவள் பெயரில் ஒரு தடயமும் இல்லாமற் போயிற்று.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு, தமிழ் வாசகர் நன்கறிந்த கமலா தேவி ஹாரிஸ் என்ற பெயர். ஜமைக்காவில் பிறந்த பொருளியலாளர் டொனால்ட் ஹாரிசும், துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர் சியாமளா கோபாலனும் 1964இல் பிறந்த மூத்த மகளுக்கு அந்தப் பெயரையும், 1967இல் பிறந்த இளையவளுக்கு மாயா லட்சுமி என்ற பெயரையும் வைத்தார்கள். குடும்பப் பெயர் தந்தையுடையது. முன்னால் உள்ள இரண்டும் தாயின் வீட்டுப் பெயர்கள். பெண் தெய்வங்களை வணங்கும் பண்பாடு வலிமையான பெண்களை உருவாக்கும் என்ற கருத்தைச் சியாமளா 2004இல் ஓர் அமெரிக்க நாளிதழிடம் தெரிவித்தார். அவர் அந்தப் பெயர்களை ஓசை இனிமைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, மகள்கள் எதை நம்பி வளர வேண்டும் என்று எண்ணியே தேர்ந்தெடுத்தார் என்பது அதிலிருந்து விளங்குகிறது. 2020 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்துக் கூட்டமொன்றில் ஒரு செனட்டர் கமலாவின் பெயரைச் சிதைத்துச் சொல்லிக் கேலி செய்தபோது, அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தத்தம் பெயரையும் அதன் பொருளையும் பொதுவெளியில் எழுதி மறுமொழி தந்தார்கள். சொல்லக் கடினமான பெயர் என்று வெட்கி ஒதுங்கியிருந்தவர்களுக்குக்கூட அன்று தம் பெயரை வாய்விட்டுச் சொல்லும் துணிவு வந்தது.

இந்த இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நியாயம் துலங்குகிறது. குடும்பப் பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அதற்கு மறுபக்கத்துக்கே முதற்பெயரைத் தெரிவு செய்யும் முன்னுரிமை சேர வேண்டும். தாய் தமிழராகவும் தந்தை ஜெர்மானியராகவும் இருந்து, மகள் 'முல்லர்' என்ற குடும்பப் பெயரைப் பெறுவாளானால், 'லேனா' என்ற முதற்பெயரோடு அவளுடைய தமிழ்த் தாய்வழி ஆவணங்களிலிருந்து முற்றாக அழிந்துவிடுகிறது. 'இசை' அல்லது 'நிலா' என்ற முதற்பெயர் அதைக் காத்துவிடுகிறது. இதே நியாயம் தமிழர் பக்கமும் விட்டுக்கொடுக்கக் கோருகிறது என்பதை மறைக்கக் கூடாது. தந்தை தமிழராக இருந்து குடும்பப் பெயர் 'கந்தசாமி' என்று உறுதியாகிவிட்ட வீட்டில், முதற்பெயரும் தமிழாகவே இருக்க வேண்டும் என்று அப்பத்தா பிடிக்கும் பிடிவாதம் பாசத்தால் எழுவதுதான் என்றாலும், மருமகளின் மொழிக்கு இடமே இல்லாமற் செய்துவிடுகிறது. மேலும், பெண் மகவைப் பொறுத்தவரை முதற்பெயருக்குக் கூடுதல் கனம் உண்டு. திருமணத்தின்போது கணவரின் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கம் ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்னும் வலுவாக இருப்பதால், அவளுடன் இறுதிவரை நிற்கும் உறுப்பு அது ஒன்றே.

இப்படிப் பங்கிடுவது இருவரும் விரும்பிச் செய்யும் செயலாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ரீயூனியன், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுக்குக் குடும்பப் பெயர் தமிழாகவும் முதற்பெயர் பிரெஞ்சாகவும் அமைந்தது. குவாதலூப்பின் அரசியலாளரும் எழுத்தாளருமான எர்னஸ்ட் முத்துசாமியின் பெயர் அதற்குச் சான்று. அங்கே அந்தப் பங்கீட்டை எந்தத் தாயும் தந்தையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நாட்காட்டிகளில் உள்ள பெயர்களும் பண்டை வரலாற்று மாந்தரின் பெயர்களுமே குழந்தைக்கு வைக்கத் தக்கவை என்று பிரான்சு 1803இல் சட்டம் செய்தது. 1966இல் சற்றுத் தளர்ந்த அக்கட்டுப்பாடு 1993இல்தான் நீங்கி, பெற்றோரின் விருப்பம் முதன்மை பெற்றது. கூலியாக வந்தவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராக உறைந்து நிற்க, அவர் பேத்திக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் உரிமை பதிவேட்டில் இல்லாதிருந்தது என்பது எளிதில் ஆறும் புண் அன்று.

இன்றைய சட்டங்கள் பெருமளவு இளகியிருக்கின்றன. ஜெர்மனியில் பெற்றோர் தம் மகளுக்குக் 'கிரண்' என்ற இந்தியப் பெயரைச் சூட்ட விரும்பியபோது, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் 'ஸ்டாண்டெஸாம்ட்' என்ற குடிமைப் பதிவகம், அந்தப் பெயர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டவில்லை, ஆகவே பெண்மையைத் தெளிவாகக் காட்டும் இன்னொரு பெயரும் சேர வேண்டும் என்று மறுத்தது. வழக்கு உச்சநிலை வரை சென்றது. முதற்பெயர் பாலினத்தைக் காட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, குழந்தையின் நலனுக்குக் கேடு வரும்போது மட்டுமே பெற்றோரின் தெரிவில் அரசு தலையிடலாம் என்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது. கயல், எழில், இசை போன்று பால் காட்டும் விகுதி இல்லாத தமிழ்ப் பெயர்களை ஜெர்மனியில் இன்று தயக்கமின்றிப் பதிய முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பெற்றோரின் உறுதியும் ஒரு காரணம். அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு.

ஐஸ்லாந்தின் நிலை வேறு. அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்க வல்லதாகவும் அம்மொழியின் எழுத்தில் அடங்குவதாகவும் இருக்கிறதா என்பதைப் பெயர்க்குழு ஒன்று ஆராய்ந்து முடிவு செய்கிறது. பிரித்தானியத் தந்தைக்கும் ஐஸ்லாந்துத் தாய்க்கும் பிறந்த ஒரு பெண்ணின் ஆங்கிலப் பெயர் ஏற்கப்படாததால், அவளுடைய கடவுச்சீட்டில் பெயருக்குப் பதிலாக 'சிறுமி' என்ற பொதுச்சொல்லே அச்சாகியிருந்தது. 2014இல் அதையும் புதுப்பிக்க மறுத்தபோது செய்தி உலகெங்கும் பரவியது. மொழியைக் காக்க ஒரு சிறு நாடு எடுக்கும் முயற்சி தமிழருக்குப் புரியாததன்று. எனினும், ஒரு குழந்தையைப் பத்தாண்டுகள் பெயரற்றவளாகப் பதிவேட்டில் வைத்திருப்பதை எந்த மொழிப்பற்றும் நியாயப்படுத்தாது.

குடும்பப் பெயரிலும் வழிகள் திறந்துள்ளன. தந்தை ஸ்பெயின் நாட்டவரும் தாய் பெல்ஜியத்தவருமான பிள்ளைகளுக்கு, இரு பக்கக் குடும்பப் பெயர்களையும் சேர்த்து வழங்கும் ஸ்பானிய முறையைப் பெல்ஜியம் மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் 'கார்சியா அவெயோ' வழக்கில் முடிவு செய்தது. ஜெர்மனியும் 2025 மே 1 முதல் பெற்றோர் இருவரின் குடும்பப் பெயர்களையும் இணைத்துப் பிள்ளைக்கு வைக்க இடமளிக்கிறது. இந்த வழியை நாடும் வீட்டில் மேலே சொன்ன முன்னுரிமைக் கேள்வியே எழாது. முதற்பெயரை இருவரும் சேர்ந்து மனம்போலத் தேடலாம்.

இரு மொழியிலும் எளிதாக ஒலிக்கும் பெயரே நல்லது என்ற எண்ணம் இத்தகைய வீடுகளில் பரவலாக இருக்கிறது. மாயா, மீரா, தாரா, லீலா, அனிதா என்று ஒரு சிறு பட்டியல் அப்படித்தான் மீண்டும் மீண்டும் கைக்கு வருகிறது. அவற்றில் குறையில்லை, ஆனால் அந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடினால், ழகரமும் ணகரமும் றகரமும் உள்ள யாழினி, கயல்விழி, மணிமொழி, வெற்றிச்செல்வி போன்றவை எல்லை தாண்டத் தகுதியற்றவை என்று தமிழரே தீர்ப்பெழுதியதாகிறது. மெய்யெழுத்துகள் நெருங்கி நிற்கும் போலந்துக் குடும்பப் பெயர்களை அண்டை வீட்டுப் பெயர்களாகப் பழகிக்கொண்ட ஜெர்மானியர், ஒரு யாழினியின் பெயரையும் பழகிக்கொள்வார்கள். வகுப்பாசிரியருக்குச் சில முறை சொல்லிக்கொடுக்கும் பொறுமை பெற்றோருக்கு வேண்டும், அவ்வளவே.

உண்மையான இடர்ப்பாடு உச்சரிப்பைவிட எழுத்துக்கூட்டில்தான் இருக்கிறது. தமிழ்ப் பெற்றோர் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஆங்கில ஓசையை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். இரண்டு 'ஈ' இட்டு எழுதிய மீனாவை ஜெர்மானியர் 'மேனா' என்று படிப்பர். 'ஜே' இட்டு எழுதிய ஜெயா 'யேயா' ஆவாள். ழகரத்துக்காக வைத்த 'இசட்-எச்' அவர்களுக்கு 'ட்ஸ்' என்ற ஒலியையே நினைவூட்டும். பிரெஞ்சில் 'எச்' ஒலிக்காததால் ஹரிணி 'அரிணி' ஆகிறாள். உகரத்துக்கு 'ஓ-யு' என்ற இரண்டெழுத்து வேண்டும், முத்துசாமி என்ற குடும்பப் பெயர் குவாதலூப்பில் அந்த எழுத்துகளோடுதான் எழுதப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒருமுறை ஏறிய எழுத்துக்கூட்டே கடவுச்சீட்டிலும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டையிலும் தொடர்வதால், பின்னர் திருத்துவது பெரும்பாடு. பெயரை இதுவரை கேட்டிராத உள்ளூர்க்காரர் ஒருவரிடம் எழுதிக் காட்டி, அவர் எப்படிப் படிக்கிறார் என்று கேட்பது எந்த எண்கணிதத்தைவிடவும் பயன்தரும் சோதனை.

எண்கணிதத்தைத் தள்ளினாலும் நட்சத்திர எழுத்தைத் தள்ளுவது அவ்வளவு எளிதன்று. குழந்தை பிறந்த நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் ஒவ்வோர் எழுத்து உண்டு. அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ஊரிலிருந்து பாட்டி இந்த நான்கையும் சொல்லும்போது, பிரெமனிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருக்கும் சம்பந்தியம்மாள் தன் தாயின் பெயர் பேத்திக்கு வர வேண்டும் என்று காத்திருப்பார். தமிழ் வீடுகள் இதற்கு நெடுங்காலமாக ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. மாமியாரின் பெயரை மகளுக்கு இட்ட மருமகள், அதை வாய்விட்டுச் சொல்வது மரியாதையன்று என்று கருதி, குழந்தைக்கு வேறொரு கூப்பிடும் பெயரை வைத்துக்கொள்வாள். நட்சத்திர எழுத்தை இந்த வீட்டுப் பெயருக்கு விட்டுவிடலாம். ஆனால் ஒரு பக்கத்தை அமைதிப்படுத்த அதன் பெயரை நடுப்பெயராக மட்டும் வைப்பதில் எச்சரிக்கை தேவை. பரணில் ஏற்றிய பித்தளைப் பாத்திரம் போல அது ஆண்டுக்கணக்கில் எவராலும் எடுக்கப்படாமற் போகும். கென்டிஷ் என்ற நடுப்பெயரை இன்று எத்தனை தமிழ் வாசகர் அறிவர்?

ஜெர்மன் சட்டப்படி பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லையெனில் அதை மட்டும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம். மருத்துவமனையில் நீட்டப்படும் படிவத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்துவிடாமல், அந்த ஒரு மாதத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். தெரிவான பெயரை இரண்டு பாட்டிமாரிடமும் சொல்லி, அவர்கள் வாயால் கூப்பிடக் கேளுங்கள்; தடுமாறும் பாட்டிக்குச் சொல்லிக்கொடுங்கள்; எழுத்துக்கூட்டை இருவரும் தனித்தனியே சரிபாருங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள்.